முதலில் நகல், பிறகுதான் ரிப்பேர்

விண்டோஸ் 98 காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஸ்கேன்டிஸ்க் மறந்திருக்காது. கரண்ட் போய்த் திரும்பி வந்ததும், ஒழுங்காக ஷட் டவுன் செய்யவில்லை என்று ஒரு நீலத்திரையில் சொல்லிவிட்டு அது தானாக ஓட ஆரம்பிக்கும். பெரும்பாலும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். சில மெஷின்களில் முடியாது. சர்ஃபேஸ் ஸ்கேனில் கட்டங்கள் வரிசையாக நிரம்பிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். உள்ளே டிஸ்க் 'கர்ர்... டக்... கர்ர்... டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் போடும். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கட்டத்தில் ஒரு 'பி' விழும். பேட் செக்டார். மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தொன்றில் நான் சர்வீஸ் கடை வைத்திருந்த வருஷங்களில், அந்தச் சத்தம் கேட்டதுமே கடைக்கு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது என்னவென்று தெரியாதவர்களுக்குக்கூட, ஏதோ போய்விட்டது என்பது மட்டும் புரிந்துவிடும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஸ்க்ரூடிரைவரின் முனையை டிஸ்க்கின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். மோட்டார் சீராகச் சுற்றுகிறதா, ஹெட் ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி போய் வருகிறதா என்று அவருக்குக் கேட்டே தெரியும். நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு, அதாவது விநாடிக்கு 90 சுற்று. ஹெட் தட்டைத் தொடாமல் நானோமீட்டர் கணக்கிலான உயரத்தில் காற்றின் மேல் மிதக்கிறது. ஒரு செக்டாரை அது தவறாகப் படித்துவிட்டால் மறுபடி படிக்க ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும், சுமார் 11 மில்லிவிநாடி. டிஸ்க் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும். ஹெட்டைச் சற்று இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்கும். நமக்குக் கேட்கும் சத்தம் அந்த முயற்சிதான். மெஷின் ஹேங் ஆகி நிற்பதும் அதனால்தான்.

அன்றைய டிஸ்க்குகளில் ஒரு செக்டார் என்பது 512 பைட். ஒவ்வொன்றின் பின்னாலும் பிழை திருத்துவதற்கான கூடுதல் எண்கள் எழுதப்பட்டிருக்கும். படித்ததும் கணக்கும் ஒத்துப்போனால் சரி. கொஞ்சம் மாறியிருந்தால் டிஸ்க் தானே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாத அளவுக்கு மாறியிருந்தால், தப்பான எழுத்தைக் கொடுப்பதைவிட எதையும் கொடுக்காமல் இருப்பதே மேல் என்று 'படிக்க முடியவில்லை' என்ற பதிலை அனுப்பும். இது நேர்மையான பதில் என்று நான் எப்போதும் நினைத்திருக்கிறேன்.

அண்ணனின் அலமாரியில் 20 எம்பி டிஸ்க் ஒன்று இருந்தது. சீகேட் எஸ்.டி.-225, செங்கல் கனம். அதன் மேல் ஒட்டியிருந்த லேபிளில் எந்த சிலிண்டரில், எந்த ஹெட்டின் கீழ் கெட்ட இடம் இருக்கிறது என்று ஃபேக்டரியிலேயே பட்டியல் அச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தக் காலத்தில் டாஸில் டீபக் போய் 'ஜி=சி800:5' என்று அடித்து லோ லெவல் ஃபார்மட் செய்யும்போது, அந்தப் பட்டியலைப் பார்த்துக் கையால் டைப் செய்ய வேண்டுமாம். "புது டிஸ்க்லயே பேட் இருக்கும்டா. இல்லாத டிஸ்க்கே கிடையாது. எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும், பயப்பட வேண்டாம்" என்பார் அண்ணன். பின்னால் வந்த ஐடிஈ டிஸ்க்குகளில் அந்த லேபிள் மறைந்தது. கெட்ட இடம் மறையவில்லை. ஃபேக்டரிப் பட்டியல் டிஸ்க்கின் உள்ளேயே ஒளிந்துகொண்டது. பிறகு புதிதாகக் கெடுபவற்றுக்கு இன்னொரு பட்டியல், அவற்றுக்கு ஈடாகக் கொடுக்க ரிசர்வில் கொஞ்சம் நல்ல செக்டார்கள் என்று எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தது. ஸ்கேன்டிஸ்க்கில் 'பி' விழுகிறது என்றால், டிஸ்க் தன்னளவில் சமாளிக்க முடியாத கட்டத்துக்கு ஒரு செக்டாராவது வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போது 4.3 ஜிபி டிஸ்க் ஒன்றின் விலை ஒரு டி.டி.பி. ஆபரேட்டரின் மாதச் சம்பளத்தைவிட அதிகம். பேட் விழுந்ததென்று தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. அதனால் ஒட்டுப்போடுவோம். ஸ்கேன் செய்து கெட்ட இடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்ப்போம். எஃப்டிஸ்க் எடுத்து, கெட்ட இடத்துக்கு முன்னால் ஒரு பார்ட்டிஷன், பின்னால் ஒரு பார்ட்டிஷன் போடுவோம். நடுவில் கெட்ட பகுதியையும் அதன் இருபுறமும் தாராளமாக இடத்தையும் யாருக்கும் ஒதுக்காமல் விட்டுவிடுவோம். ஸ்கேன்டிஸ்க் 'பி' போட்டு ஒதுக்கும்போது பல செக்டார்கள் சேர்ந்த ஒரு முழு கிளஸ்டரையே ஒதுக்கும். ஆனால் பக்கத்துக் கிளஸ்டர் நாளைக்குக் கெட்டால் அதற்குத் தெரியாது. தாராளமாக இடம் விட்ட டிஸ்க்குகளில் சில வருஷக்கணக்கில் ஓடின. சில, கொஞ்ச நாளிலேயே வேறு இடத்தில் கெட்டுத் திரும்பி வந்தன. எது ஓடும், எது திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல அன்றைக்கு எங்களிடம் வழி இல்லை.

பிறகு ஸ்மார்ட் எண்களைப் படிக்கப் பழகினேன். டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல் அது. அதில் மூன்று வரிகள்தான் எனக்கு முக்கியம். 5-ஆம் எண், ஏற்கெனவே மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198, டிஸ்க் தானே சோதித்துப் பார்த்தும் படிக்க முடியாதவை. இந்த 197-ஐப் புரிந்துகொண்டபோதுதான் பல வருஷக் குழப்பம் தீர்ந்தது. ஒரு செக்டாரைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் உடனே மாற்று இடம் கொடுப்பதில்லை. கொடுத்தால் அங்கே எதை எழுதும்? பழைய எழுத்து அதற்கே தெரியாதே. அதனால் காத்திருக்கும். நாம் அந்த இடத்தில் புதிதாக எதையாவது எழுதினால்தான் முடிவெடுக்கும். எழுதிப் பார்த்து நன்றாக இருந்தால் அதே செக்டாரை வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் மாற்றிவிடும். லோ லெவல் ஃபார்மட் அடித்ததும் பேட் செக்டார் 'போய்விட்டது' என்று கடைகளில் சொல்வதன் ரகசியம் இதுதான். போனது பேட் செக்டார் மட்டும் இல்லை, அதில் இருந்த எழுத்தும் சேர்த்துத்தான்.

2008-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையானபோது கடையில் டிஸ்க்குகள் குவிந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் செத்திருந்தால், செக்டாரின் பாதி புதிதும் பாதி பழையதுமாக நிற்கும். கணக்கு ஒத்துப்போகாது. தட்டில் கீறல் எதுவும் இருக்காது, ஆனாலும் படிக்க முடியாது. இந்த வகை, மேலே புதிதாக எழுதினால் சரியாகிவிடும். தட்டே தேய்ந்து கெடும் வகை சரியாகாது, பரவும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அந்த வருஷம் வந்த டிஸ்க்குகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அச்சகங்கள் இருக்கும் பக்கத்துத் தெருவில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்த அண்ணாச்சி, சிபியுவைச் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். இருபது ஜிபி டிஸ்க், எஃப்.ஏ.டி.32, இன்னமும் விண்டோஸ் 98. அவர் வாங்கியிருந்த தமிழ் எழுத்துருத் தொகுப்பு பிரின்டர் போர்ட்டில் செருகும் டாங்கிளோடு வந்தது, அது புது விண்டோஸில் ஓடாது. அதனால் அந்த மெஷினை மாற்றாமலே வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அதில்தான்.

"பத்திரிகை ஃபைல் போனாப் போகுது தம்பி. வாத்தியார் ஐயா புஸ்தகம் உள்ள இருக்கு. அதை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க."

மேலூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சுற்றுவட்டாரக் கண்மாய்களைப் பற்றி ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய நூல் அது. எந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை, ஒவ்வொரு மடைக்கும் ஊரார் வைத்திருக்கும் பெயர் என்ன, எந்த மடைத் தண்ணீர் யார் வயலுக்கு எந்த முறையில் பாயும், கலுங்கு தாண்டிய தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாயில் போய் விழும் என்று எழுதியிருந்தார். அவர் கேட்டு எழுதிய கிழவர்களில் பலர் அப்போதே உயிரோடு இல்லை. பேஜ்மேக்கரில் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக அண்ணாச்சியே அடித்து வைத்திருந்தார். பேக்கப் என்று எழுதியிருந்த சிடி பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

சிபியுவை மேஜைமேல் வைத்ததும் அண்ணாச்சி பவர் பட்டனை நோக்கிக் கை நீட்டினார். நிறுத்தினேன். விண்டோஸ் ஏறினாலே டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே ஸ்கேன்டிஸ்க் ஓடும். தொடர்பு அறுந்த துண்டுகளுக்கெல்லாம் தானே பெயர் வைத்து, சிஎச்கே கோப்புகளாக எழுதித் தள்ளும். எங்கே எழுதும்? நாம் காப்பாற்ற வேண்டியது கிடக்கும் அதே தட்டில். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கில் ஸ்கேன்டிஸ்க், செக்டிஸ்க், பேட் செக்டாரைச் சரிசெய்கிறேன் என்று விற்கும் மென்பொருள் இவற்றில் எதையும் ஓட்டக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. அவை டிஸ்க்கைக் காப்பாற்ற எழுதப்பட்டவை. அண்ணாச்சிக்கு டிஸ்க் தேவையில்லை.

டிஸ்க்கைக் கழற்றினேன். யுஎஸ்பி கன்வெர்ட்டரில் போடாமல் மதர்போர்டின் இரண்டாவது ஐடிஈ கேபிளில் நேராக மாட்டினேன். படிக்க முடியாத செக்டார் வந்தால் அந்தக் கன்வெர்ட்டர்களில் பல அப்படியே தொங்கிவிடும். நகல் எடுக்க 80 ஜிபி டிஸ்க் ஒன்றை முதல் கேபிளில் மாட்டினேன். விண்டோஸ் இல்லை, சிஸ்டம்ரெஸ்க்யூசிடி என்ற லினக்ஸ் சிடியிலிருந்து மெஷினை எழுப்பினேன். அதில் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதி, குனூ திட்டத்தின் கீழ் இலவசமாக வெளியிட்ட சிறிய நிரல். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

பூச்சி அரித்த பழைய பத்திரக்கட்டைப் பிரதி எடுக்கிறவர் எப்படிச் செய்வார்? ஒட்டிக்கொண்ட தாளிலேயே மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க மாட்டார். நல்ல தாள்களை முதலில் எழுதி முடித்துவிட்டு, ஒட்டியவற்றுக்குக் கடைசியில் வருவார். டிடிரெஸ்க்யூ அதைத்தான் செய்கிறது. முதல் ஓட்டத்தில் பெரிய பெரிய துண்டாகப் படித்துக்கொண்டே போகும். தடங்கல் வந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிவிடும். எல்லாம் முடிந்தபின் திரும்பி வந்து, தாண்டிய பகுதிகளின் ஓரங்களைச் செதுக்கும். பிறகு செக்டார் செக்டாராகச் சுரண்டும். எது கிடைத்தது, எது பாக்கி என்று ஒரு லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2008-இல் மதுரையில் அது எவ்வளவு பெரிய வசதி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

டேபிள் ஃபேனைத் திருப்பி டிஸ்க்கின் மேல் வைத்தேன். முதல் ஓட்டம் அலட்டாமல் போனது. இருபது ஜிபியில் மிகப் பெரும்பகுதி வந்துவிட்டது. கடைசியில் நின்றது சில நூறு செக்டார்தான், ஆனால் அந்தச் சில நூறுக்கு ஆன நேரம் மற்ற எல்லாவற்றுக்கும் ஆனதைவிட அதிகம். சூடு ஏறியபோது நிறுத்தி ஆறவிட்டேன். மறுபடி படிக்கச் சொன்னபோது முன்பு வராத சில செக்டார்கள் வந்தன. அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு ராத்திரி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் பிழைக் கணக்கு ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிடைக்காத செக்டார்களில் இருந்தது என்ன? வெறும் இடமா, கோப்பா? கோப்பென்றால் எது? டிடிரெஸ்க்யூவில் இதற்கு ஓர் அருமையான வழி உண்டு. நகலில் மட்டும், படிக்க முடியாமல் போன இடங்களிலெல்லாம் நாம் சொல்லும் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லலாம். பிறகு நகலைத் திறந்து, அந்தச் சொல் எந்தெந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடினால், அடிபட்ட கோப்புகளின் பட்டியல் கையில் வந்துவிடும். வந்தது. விண்டோஸின் ஸ்வாப் ஃபைல், அது போனால் கவலையில்லை. சில கிளிப் ஆர்ட் படங்கள். எழுத்துரு ஒன்று. கண்மாய் நூலின் அத்தியாயம் ஒன்று.

எழுத்துருதான் பெரிய அடி என்று அண்ணாச்சிக்கு உடனே புரிந்துவிட்டது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் கோப்பில் இருப்பது உண்மையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் வடிவம் என்பது எழுத்துருவுக்குள் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் என்று பொதுக் குறிமுறைகளை அரசு ஏற்றது. ஆனாலும் டி.டி.பி. கடைகளில் அவரவர் வாங்கிய தொகுப்பே ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது அறுபது கேபி எழுத்துருக் கோப்பில் ஒரே ஒரு செக்டார் ஓட்டை, அதை விண்டோஸ் ஏற்க மறுத்தது. நூலின் நல்ல அத்தியாயங்களும் புரியாத குறிகளாய் நின்றன. அதே தொகுப்பை வாங்கியிருந்த சிவகாசி அச்சகத்துக்கு அண்ணாச்சி போன் போட்டார். மறுநாள் பஸ்ஸில் ஃபிளாப்பி வந்தது. போட்டதும் திரையில் தமிழ் வந்தது.

அடிபட்ட அத்தியாயத்தை பேஜ்மேக்கர் திறக்கவில்லை. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து உள்ளே பார்த்தேன். வடிவமைப்புக் குறிப்புகளுக்கு நடுவே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. வேகமாகச் சேமிக்கும் முறையில் வைத்திருந்தால், பேஜ்மேக்கர் ஒவ்வொரு முறையும் கோப்பை முழுவதும் புதிதாக எழுதாது. புது மாற்றங்களைப் பின்னால் சேர்க்கும், பழைய பத்திகள் கோப்பிலேயே கிடக்கும். அதனால் ஓட்டை விழுந்த இடத்தின் பழைய வடிவம் சில பக்கம் தள்ளிக் கிடைத்தது. துண்டு துண்டாக வெட்டி எடுத்து ஒட்டினோம். எங்குமே கிடைக்காமல் போனது ஒரு பக்கத்துக்கும் குறைவு, ஒரு கண்மாயின் மடைப் பட்டியலில் நடுப்பகுதி. பெரியமடை, பள்ளமடை என்று தொடங்கி அடையாளச் சொல்லில் போய் முட்டி நின்றது.

வாத்தியார் ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினார் அண்ணாச்சி. ஐயா புரூஃப் கட்டோடு வந்தார். சிவப்பு மையில் திருத்திய தாள்கள், ஓரமெல்லாம் சோற்றுப்பசையில் ஒட்டிய துண்டுச் சீட்டுகள். அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டி, "இந்த மடைக்குப் பேரு சொன்னவரு போன தைக்கு முந்தி தவறிட்டாரு. இனிமே கேக்கணும்னா ஆளில்ல" என்றார். அண்ணாச்சி அங்கேயே உட்கார்ந்து அடித்தார். ஐயா பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தார். அதன்பின் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். நூல் அச்சாகி வந்தது.

எல்லாம் பத்திரமான பிறகுதான் அந்தப் பழைய டிஸ்க்கில் கை வைத்தேன். முழுவதும் பூஜ்யம் எழுதினேன். 197 இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. அதில் ஒரு பங்குதான் 5-ஆம் எண்ணில் ஏறியது. மற்றவை கரண்ட் போனதில் பாதியில் நின்ற செக்டார்கள், எழுதியதும் சரியாகிவிட்டன. டிஸ்க் தேறிவிட்டதோ என்று தோன்றும். சோதனைக்கு ஓடவிட்டபோது கொஞ்ச நாளில் வேறு இடத்தில் மறுபடி எண் ஏறியது. அந்த டிஸ்க்கில் இரண்டு வகையும் இருந்திருக்கிறது. ஒருமுறை எண் ஏறி, எழுதியபின் அப்படியே நின்றுவிடும் டிஸ்க்கைச் சினிமாப் பாட்டு வைக்கப் பயன்படுத்தலாம். ஏறிக்கொண்டே போகும் டிஸ்க்கில் எதையும் வைக்கக் கூடாது. அண்ணாச்சியின் டிஸ்க்கைக் கழித்துக் கட்டினேன்.

இந்தத் தொழிலில் சுற்றிய கைவைத்தியங்கள் பல. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உலோகத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். தட்டில் நீர் படிந்து ஹெட் அதில் மோதினால், செக்டார் கணக்கில் இருந்த இழப்பு மொத்த டிஸ்க்கின் இழப்பாகும். மூடியைத் திறந்து பார்ப்பவர்களும் உண்டு. நானோமீட்டர் கணக்கிலான இடைவெளியில் ஓடும் ஹெட்டுக்கு, கண்ணுக்குத் தெரியாத தூசியே போதும். லோ லெவல் ஃபார்மட் அடித்துத் தருகிறேன் என்பவர் செய்வதும் பூஜ்யம் எழுதுவதுதான். ஐடிஈ டிஸ்க்கில் அதற்கு மேல் நம் கையால் செய்ய வழியில்லை. 'டக் டக்' என்று அடித்துவிட்டு மோட்டாரே நின்றுபோகும் டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூவும் உதவாது. அதைக் கழற்றிக்கொண்டு தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரிக்காரர்களிடம் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் மூடிப்போன டி.டி.பி. கடைகள் எத்தனையோ. அவற்றின் பழைய சிபியுக்கள் பரணிலும் அச்சக மூலையிலும் கிடக்கின்றன. ஊர் வரலாறும் கோயில் தலபுராணமும் பள்ளி ஆண்டு மலரும், யாரோ ஒரு வாத்தியார் சேர்த்த சொற்களும் அவற்றில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், ஓடுகிறதா பார்ப்போம் என்று பிளக்கை மாட்டாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி, முழு நகல் எடுக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். 'சரிசெய்து தாருங்கள்' என்று கேட்காதீர்கள், 'நகல் எடுத்துத் தாருங்கள்' என்று கேளுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடலாம், இன்றைக்கு அதற்கு இலவசக் கருவிகளே இருக்கின்றன. இந்த வருஷமே செய்யுங்கள்.